மூன்றே முக்காலுக்கு அழும் வீடு

"தம்பி, உங்க வீடு அழுது," என்றார் டீச்சரம்மா.

காற்றாடி கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, அழைத்தது அவர்தானா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார். அவரேதான். முப்பத்தோரு வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். விளையாட்டுக்குப் பேசுகிற ஆள் இல்லை.

"அழுதுன்னா... எங்கயாவது ஒழுகுதா டீச்சர்?"

"ஒழுகினா நானே துணி வச்சுத் தொடைச்சிருப்பேன். இது சத்தம் போட்டு அழுது. ஹால்ல, உங்க கூண்டுக்குள்ள இருந்து. வெள்ளிக்கிழமை ஆரம்பிச்சுது. தினமும் மூணே முக்காலுக்கு. இப்பவும் அழுதுகிட்டுதான் இருக்கு, நீங்களே கேளுங்க."

அவர் கைப்பேசியை மேலே தூக்கிப் பிடித்திருக்க வேண்டும். இரைச்சலுக்கு நடுவே, நீளமாக, ஈனஸ்வரத்தில் ஒரு சத்தம் வந்தது. ஹூ... ஊ... ஊ. அப்புறம் மூச்சு வாங்குவது போல ஒரு நிறுத்தம். மறுபடியும் ஹூ.

அன்று திங்கள்கிழமை. சனிக்கிழமைக்கு நடுவே நாலு நாள்தான் இருந்தது.

அவருடைய உண்மையான பெயரை அலுவலகத்தில் யாரும் சொல்வதில்லை. கட்டடம் வரைகிற வேலை. எந்த மனையைக் காட்டினாலும் முதலில் விரலை நனைத்து மேலே தூக்கிக் காற்று எந்தப் பக்கம் என்று பார்ப்பார். அதனால் காற்றாடி. கடலோரத்தில் மின்சாரத்தை அதிகம் தின்னாத வீடு கட்டலாம், ஏசி இல்லாமலே மனிதர்கள் அதில் நிம்மதியாக இருக்கலாம் என்று ஏழு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஏழு வருஷமாக எல்லோரும் நன்றாகத் தலையாட்டிக் கேட்டுவிட்டு, கண்ணாடிச் சுவர் வைத்து, அறைக்கு ஒரு ஏசி மாட்டி, ஜன்னலைச் சாத்திக்கொண்டார்கள்.

கடைசியில் அவருடைய முதலாளியே ஒருநாள் மனம் இறங்கினார். கடற்கரையை ஒட்டி முப்பத்தைந்து மனை வாங்கியிருந்தார். "ஒண்ணு கட்டிக் காட்டுங்க. குடி வர்றவங்க சந்தோஷமா இருந்தா மீதி முப்பத்து நாலும் இதே மாதிரி. இல்லைன்னா கண்ணாடி வீடு பிளான் என் மேஜை டிராயர்லயே இருக்கு," என்றார்.

அந்த ஒன்றில்தான் டீச்சரம்மா குடிவந்திருந்தார். தடித்த சுவர், வெயில் தங்காத வெள்ளைக் கூரை, சுற்றிலும் நிழல் விழும் அகலமான தாழ்வாரம். எல்லாவற்றுக்கும் மேலாக, கூரை நடுவில் புகைபோக்கி மாதிரி ஒரு சதுரக் கூண்டு. அதன் வாய் கடலைப் பார்த்திருக்கும். மத்தியானத்துக்கு மேல் கரைக்கு வரும் காற்றைப் பிடித்து நேராக ஹாலில் இறக்கிவிடும். சூடான காற்று பின்சுவரின் மேலுள்ள துவாரங்கள் வழியாக வெளியே போய்விடும். வீட்டில் ஃபேன்கூடக் கிடையாது. ஃபேன் மாட்டுவதற்குக் கூரையில் கொக்கிகூட வைக்கவில்லை. கொக்கி இருந்தால் ஃபேன் வந்துவிடும் என்று வாதாடி, காற்றாடிதான் அதை எடுக்கச் சொன்னார்.

குடிவந்து ஒரு மாதம். டீச்சரம்மா சந்தோஷமாகத்தான் இருந்தார். மீதி முப்பத்து நாலு மனைகளுக்கு முன்பணம் கட்டியவர்களும் சனிக்கிழமை மூன்று மணிக்கு வீட்டைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. இந்த நேரத்தில் வீடு அழ ஆரம்பித்திருக்கிறது.

காற்றாடி ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு பறந்தார்.

போய்ச் சேரும்போது மணி நாலரை. டீச்சரம்மா வாசலிலேயே ஒரு கோடு போட்ட நோட்டுடன் நின்றார்.

"தேதி, நேரம், எவ்வளவு நேரம் அழுதது, எல்லாம் எழுதி வச்சிருக்கேன்," என்றார். "வெள்ளி, சுமார். சனி, கொஞ்சம் பலமா. ஞாயிறு, ரொம்ப மோசம். இன்னிக்குப் பரவாயில்ல."

அவருடைய கணவர் ஈஸிசேரில் படுத்திருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓட்டிப் பாதிக் காது போனவர்.

"எனக்கு ஒண்ணும் தொந்தரவா இல்ல தம்பி. ஏதோ இருக்கு, அவ்வளவுதான்," என்றார்.

காற்றாடி கூண்டுக்கு நேர் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார். குளிர்ந்த காற்று முகத்தில் இறங்கியது. அதோடு சேர்ந்து அந்தச் சத்தமும் இறங்கியது. சந்தேகமே இல்லை. கூண்டிலிருந்துதான் வந்தது.

"டீச்சர், ஒரு காலி பாட்டில் இருக்குமா?"

பாட்டில் வந்தது. காற்றாடி அதன் வாய்க்குக் குறுக்கே ஊதினார். ஹூ என்றது.

"இதேதான். காத்து வாய்க்குக் குறுக்க போகும்போது உள்ள இருக்கிற காத்து அதிருது. இவ்வளவு பெரிய பாட்டில்ங்கிறதால இவ்வளவு பெரிய சத்தம்."

"அது சரி. முதல் மூணு வாரம் ஏன் அதிரல?"

காற்றாடி விரலை நனைத்து மேலே தூக்கினார். "பருவம் மாறுது டீச்சர், காத்தோட திசை கொஞ்சம் திரும்பியிருக்கும்," என்றார்.

"திரும்பட்டும். மணி பாத்தா திரும்பும்?"

"கடல்காத்துக்கு நேரம் உண்டு டீச்சர். தரை சூடாகிச் சூடாகி, ஒரு வேகம் வர்ற நேரம் மூணே முக்கால். தினமும் அதே நேரம்தான் வரும்." சொன்ன பிறகு அவருக்கே அது நம்பும்படியாக இருந்தது.

கிரேன்காரர் பாட்டிலை வாங்கி, தானும் இரண்டுமுறை ஊதிப் பார்த்தார். "நல்லாத்தான் இருக்கு," என்றார்.

மறுநாள் காற்றாடி தச்சரை அழைத்து வந்தார். இரண்டுபேரும் கூரையில் ஏறினார்கள். மணி மூன்று ஐம்பது. கீழே இருந்தபோது தெளிவாகக் கேட்டுக்கொண்டிருந்த சத்தம், ஏணி கூரைமேல் தட்டியவுடன் நின்றுவிட்டது.

"நின்னுடுச்சு சார்," என்றார் தச்சர்.

"நாம நிக்கிறதால காத்து மறைபடுது. அதான் நின்னுச்சு. நான் சொன்னது சரியாப் போச்சு பாத்தீங்களா? காத்தோட வழியில எதையாவது வச்சா போதும்."

எதிரே சவுக்கு மரங்களின் வரிசை, அதற்கப்பால் ஒரு பழைய வீட்டின் மொட்டை மாடியில் காயும் துணிகள், அதற்கப்பால் கடல். காற்று சட்டையைப் பிடித்து இழுத்தது. காற்றாடி கூண்டின் வாய்க்குக் கம்பி வலை அடிக்கச் சொன்னார். காற்றைச் சின்னச் சின்னதாகக் கிழித்து அனுப்பினால் அதற்கு ஊளையிடத் தெம்பிருக்காது என்பது அவருடைய கணக்கு. முக்கால் மணி நேரம் சுத்தியல் வேலை நடந்தது. அதுவரை ஒரு சத்தமும் இல்லை. வேலை முடிந்து இறங்கியபிறகும் இல்லை. காற்றாடி நிம்மதியாக ஒரு டம்ளர் தண்ணீர் குடித்தார்.

டம்ளரைக் கீழே வைப்பதற்குள் ஆரம்பித்துவிட்டது. முந்தைய தினத்தைவிட உச்சமாக, நடுங்கிக்கொண்டு.

"முன்னாடி பெரியவங்க அழுத மாதிரி இருந்துது," என்று சொல்லிக்கொண்டே டீச்சரம்மா நோட்டைத் திறந்தார். "இப்ப பச்சைக் குழந்தை அழுதா மாதிரி இருக்கு."

அன்று வீட்டுக்கு வந்து காற்றாடி சாப்பிடவில்லை. அவருடைய மனைவி பல் மருத்துவர். தட்டைத் தள்ளி வைத்த கணவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சத்தம் அந்தக் கூண்டுலேருந்துதான் வருதுன்னு எப்படித் தெரியும்?"

"கீழ நின்னா நேரா தலையில விழுது."

"வலிக்குதுன்னு வர்றவங்க காட்டுற பல்லை நான் நம்பவே மாட்டேன். பத்துல மூணு பேர் தப்பான பல்லைக் காட்டுவாங்க. நான் ஒவ்வொண்ணா தட்டிப் பாத்துட்டுத்தான் குறடை எடுப்பேன்."

"இது பல்லு இல்லம்மா. இது காத்து."

"சரி," என்றார் மனைவி. "ஆனா நேத்து தூக்கத்துல நீங்களும் ஹூன்னீங்க. சொல்லிட்டேன்."

புதன்கிழமை காற்றாடி வலைக்குப் பின்னால் மரச் சட்டங்கள் வைத்தார். காற்றைச் சாய்வாகத் திருப்பிவிட, கை அகலத்தில் பதினொரு சட்டங்கள். சாய்வுக் கோணத்தைக் காகிதத்தில் மூன்று தடவை போட்டுப் பார்த்துத் தச்சரிடம் கொடுத்தார். வேலை முடிய இருட்டும் நேரமாகிவிட்டது. இடையில் ஒன்றிரண்டு தடவை அழுகை எழுந்து, சுத்தியல் சத்தம் கேட்டதும் அடங்கியது.

வியாழக்கிழமை கடல் கொந்தளித்தது. காற்று என்றால் அப்படி ஒரு காற்று. தாழ்வாரத்தில் காயப்போட்ட பாய் பறந்து சவுக்கு மரத்தில் மாட்டிக்கொண்டது. காற்றாடி மூன்று மணிக்கே வந்து கூண்டுக்குக் கீழே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். மூன்றே முக்கால். நாலு. நாலரை. ஐந்து.

சத்தமே இல்லை. காற்று மட்டும் மெத்தென்று இறங்கியது.

டீச்சரம்மா நோட்டில் "வரவில்லை" என்று எழுதி அடியில் கோடு போட்டார்.

காற்றாடிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. சந்தோஷத்தில் கை சும்மா இருக்கவில்லை. முதலாளிக்குப் போன் அடித்தார்.

"சார், ஒரு நல்ல செய்தி. அந்தச் சத்தத்தை நிறுத்திட்டேன்."



"எந்தச் சத்தம்?" என்றார் முதலாளி.

முதலாளிக்கு அதுவரை எதுவும் தெரியாது என்பது அப்போதுதான் காற்றாடிக்கு உறைத்தது. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாயிற்று. இனிச் சொல்லாமல் முடியாது. கூடியவரை சின்னதாக்கிச் சொன்னார். அழுகை என்ற வார்த்தையைச் சொல்லவில்லை. "லேசா ஒரு ஒலி" என்றார்.

"வீடு ஊளை விடுதுங்கறீங்க," என்றார் முதலாளி.

"விட்டுது சார். இப்ப விடல."

"சனிக்கிழமை ஒரு சின்ன முனகல் என் காதுல விழுந்தாலும் டிராயரைத் திறந்துடுவேன். பாத்துக்கங்க."

வெள்ளிக்கிழமை மூன்றே முக்காலுக்கு டீச்சரம்மாவிடமிருந்து அழைப்பு வந்தது. அவர் கைப்பேசியைக் கூண்டுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

ஹூ... ஹீ. ஹூ... ஹீ.

"தம்பி, முன்னாடி ஒரு சத்தம்தான் இருந்துது. இப்ப ரெண்டு," என்றார் அப்புறம். "ஒண்ணு கீழ, ஒண்ணு மேல. மாத்தி மாத்தி வருது. நீங்க வச்ச சட்டம் பதினொண்ணுதானே? அது வரைக்கும் போகுமா?"

காற்றாடி மனசுக்குள் எண்ணினார். பதினொரு சட்டம் என்றால் பதினொரு இடுக்கு. ஒவ்வொரு இடுக்கும் ஒவ்வொரு சுருதியில் ஊத ஆரம்பித்தால்? மேற்கொண்டு நினைக்க முடியாமல் ஸ்கூட்டரைக் கிளப்பினார்.

இந்தமுறை யோசனைக்கெல்லாம் நேரமில்லை. அடைத்துவிடுவது ஒன்றுதான் வழி. "மெத்தை ஏதாவது இருக்கா டீச்சர்?" என்று கேட்டார். விருந்தினர் அறையிலிருந்த மெத்தையை டீச்சரம்மா முகம் சுளித்துக்கொண்டே காட்டினார். தச்சரும் காற்றாடியும் அதைச் சுருட்டிக் கூண்டின் தொண்டைக்குள் திணித்தார்கள். அதன்மேல் தார்ப்பாய். தார்ப்பாய்மேல் பலகை. பலகைமேல் ஆணி. சுத்தியல் ஆறு மணிவரை ஓயவில்லை.

இறங்கி வந்து கேட்டார்கள். ஒன்றும் கேட்கவில்லை. கூண்டில்தான் ஒன்றுமில்லை. ஜன்னல் பக்கம் போனால் மட்டும், எங்கோ தூரத்தில் இருந்து வருவது போல மெல்லிசாக ஒரு ஹூ.

"எங்கயோ இடுக்கு வழியா சுத்திக்கிட்டு வருது," என்றார் காற்றாடி. "நாளைக்கு ஜன்னலைச் சாத்தி வச்சுட்டா போதும்."

"ஜன்னலையும் சாத்திட்டு, கூண்டையும் அடைச்சுட்டா, நாங்க எங்க மூச்சு விடறது?" என்றார் டீச்சரம்மா.

"ரெண்டு மணி நேரம்தான் டீச்சர்."

"எனக்கு நல்லாத்தான் இருந்துது. இன்னிக்கு முன்னைவிடத் தேவலாம்," என்றார் கிரேன்காரர். அவரை யாரும் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்கே ஹால் கொதித்தது. தடித்த சுவர்களுக்குள் மாட்டிக்கொண்ட சூட்டைத் துவாரம் வழியே தள்ளிவிடக் காற்றில்லை. காற்றாடி கூரையைப் பார்த்தார். ஒரு ஃபேன் இருந்தால் தேவலை என்று வாழ்க்கையில் முதல்முறையாக நினைத்தார். மாட்டுவதற்குக் கொக்கி இல்லை. டீச்சரம்மா பழைய வீட்டிலிருந்து கொண்டுவந்து பரணில் போட்டிருந்த மேஜை ஃபேனை இறக்கினார்கள். அது தலையாட்டும்போதெல்லாம் டக் டக் என்றது. வருகிறவர்கள் பார்த்தால் மானம் போய்விடும் என்று, புத்தக அலமாரிக்குப் பின்னால் அதை மறைத்து வைத்தார் காற்றாடி. அலமாரிக்கு மட்டும் காற்று வந்தது.

மூன்று மணிக்கு வர வேண்டியவர்கள். மூன்றேகாலுக்குள் சுற்றிக் காட்டி, மூன்றரைக்குள் வாசலுக்கு அனுப்பிவிடுவது என்பது அவருடைய திட்டம். வண்டி வழியில் நின்றுவிட்டதாம். மூன்று இருபத்தைந்துக்கு முதலாளியும், பின்னாலேயே நாற்பது பேரும் உள்ளே வந்தார்கள். வீட்டுக்கு ஒருவராக, சிலர் மட்டும் மாமியார், மச்சினனையும் கூட்டிக்கொண்டு.

"ஏன் இவ்வளவு புழுக்கமா இருக்கு?" என்றார் முதலாளி, காற்றாடியின் காதோரமாக.

"ஆள் அதிகம் சார்," என்றார் காற்றாடி.

வாசலில் எல்லோருக்கும் ஒரு அட்டை கொடுத்திருந்தார்கள். 'மின்விசிறியே தேவையில்லாத வீடு' என்று அதில் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது. நாற்பது பேரும் அதை வைத்து விசிறிக்கொண்டார்கள்.

காற்றாடி வேகவேகமாகப் பேசினார். சுவரைத் தட்டிக் காட்டினார். உப்புக்காற்றில் துருப்பிடிக்காத கீல்களைத் திறந்து மூடிக் காட்டினார். மழைநீர்த் தொட்டியை நோக்கிக் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு போகப் பார்த்தார். ஒரு மாமியார் மட்டும் கூண்டுக்கு நேர் கீழே நகராமல் நின்று, அண்ணாந்து பார்த்துக் கேட்டார்.

"இதுவழியாத்தான் காத்து வருங்களா?"

"ஆமாங்க."

"எப்ப வரும்?"

பதில் சொல்ல வாயெடுக்கும்போது மணி மூன்றே முக்கால்.

மூடிய ஜன்னல்களைத் தாண்டி, மெல்லிசாக வந்தது. ஹூ. ஹீ. அப்புறம் இதுவரை கேட்காத மூன்றாவது ஒன்று. ஏறியது, இறங்கியது, ஏறியது. நாலாவதாக ஒன்றுக்கு எட்டிப் பார்த்து, முடியாமல் கரகரத்து உடைந்தது.

நாற்பது அட்டைகளும் விசிறுவதை நிறுத்தின.

"என்னங்க அது?" என்றார் மாமியார்.

காற்றாடி பலமாக இருமினார். இருமல் முடியும்வரை அது காத்திருந்து மறுபடி ஏறியது. அவர் உப்புக்காற்றைப் பற்றி உரக்கப் பேசினார். அதற்கு மேலும் உரக்க அது இறங்கியது. முதலாளி கூண்டை அண்ணாந்து பார்த்தார்.

"ஒரு நிமிஷம்," என்று சொல்லிவிட்டுக் காற்றாடி தச்சரின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். பலகைமேல் இன்னொரு பலகை. தடால் தடால் என்று சுத்தியல். சத்தம் நின்றது. இறங்கினார்கள். ஆரம்பித்தது. ஏறினார்கள். நின்றது. இறங்கினார்கள். ஆரம்பித்தது. மூன்றாவது தடவை ஏணியின் நடுப்படியில் தச்சர் நின்றுவிட்டார்.

"சார், நாம ஏறுறது இதுக்குத் தெரியுது," என்றார்.

காற்றாடியும் அங்கேயே நின்றார். கீழே முற்றத்தில் நாற்பது முகங்கள் அண்ணாந்து அவரைப் பார்த்தன. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கட்டைவிரலில் சுத்தியல் பட்டு நகம் கறுத்திருந்தது. ஐந்து நாளாக உள்ளே இறுகிக்கொண்டிருந்த எதுவோ அப்போது அறுந்துபோனது. மெல்ல இறங்கி, கூட்டத்தின் நடுவில் வந்து நின்றார்.

"எல்லாரும் மன்னிச்சுக்கணும்," என்றார். "இந்தச் சத்தம் இந்தக் கூண்டாலதான் வருது. நான் வரைஞ்சது. என் தப்பு. ஒரு வாரமா என்னென்னவோ பண்ணிப் பாத்துட்டேன். ஒவ்வொண்ணு பண்ணும்போதும் அதிகமாகுதே தவிரக் குறையல. இத மறைச்சு உங்க முப்பத்து நாலு பேர் தலையிலயும் கட்டப் பாத்தேன். அது இதைவிடப் பெரிய தப்பு. இந்த வீட்டை நம்பாதீங்க."

பின்னணியில் அந்த மூன்று ஒலிகளும் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"அப்ப மீதி வீட்டுக்கு என்ன செய்யறது?" என்றார் முதலாளி.

"டிராயரைத் திறங்க சார். ஏசியே வச்சுக்கலாம்."

முதலாளி பையிலிருந்து மீதி வீடுகளின் வரைபடத்தை எடுத்து, வாசலில் நின்ற தன் காரின் முகப்பின்மேல் விரித்தார். காற்றாடி கூண்டின்மேல் குறுக்காக ஒரு கோடு போட்டார். 'நீக்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு வருஷ வேலையை அடிக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. முதலாளி தாளை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வந்தவர்களில் சிலர் இப்போதே எந்த அறைக்கு எத்தனை டன் ஏசி என்று பேச ஆரம்பித்திருந்தார்கள்.

"டீச்சர், உங்க வீட்டுக் கூண்டையும் இன்னிக்கே எடுத்துடறேன். இனிமே ஒரு நாள்கூட நீங்க இதைக் கேட்க வேண்டாம்," என்றார் காற்றாடி.

டீச்சரம்மா நோட்டை மூடினார். மனிதர் முகத்தைப் பார்க்க அவருக்கே கஷ்டமாக இருந்திருக்க வேண்டும். "அவசரம் ஒண்ணும் இல்லையே தம்பி," என்றார். "ஒரு மாசம் ரொம்பக் குளுகுளுன்னு இருந்துது. பொய் சொல்லக் கூடாது."

ஆனால் காற்றாடி ஏற்கெனவே கூரையில் இருந்தார். பக்கத்து மனையில் அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த கொத்தனார்களைத் தச்சர் கூப்பிட்டு வந்தார். கடப்பாரை ஏறியது. பலகை பிய்ந்தது. தார்ப்பாய் கிழிந்தது. மெத்தை வெளியே வந்தது. சட்டங்கள் பதினொன்றும் ஒவ்வொன்றாக முற்றத்தில் விழுந்தன. பிறகு சுவர். முதல் செங்கல்லைக் காற்றாடியே தட்டினார். அது கெட்டியாக இருந்தது. நன்றாகக் கட்டியிருந்தார்கள். அதை நினைத்தபோதுதான் அவருக்குக் கண் கலங்கியது. கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்ததைத் தட்டினார்.

சத்தம் நின்றிருந்தது. இந்தமுறை நின்றது நின்றதுதான் என்று அவர் நம்பினார்.

கூண்டு பாதி உயரம் குறைந்திருந்தபோது, வாசல் கேட்டை யாரோ திறந்தார்கள். சவுக்கு வரிசைக்கு அந்தப் பக்கத்திலிருந்து, ஐம்பது வயதிருக்கும் ஒரு அம்மா, தலையில் விழுந்த செங்கல் தூசியைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தார். கூட்டத்தைப் பார்த்துக் கொஞ்சம் தயங்கினார். யாரிடம் சொல்வது என்று தெரியாமல், கூரையில் கடப்பாரையோடு நின்ற காற்றாடியைப் பார்த்தே சொன்னார்:

"தப்பா நெனச்சுக்காதீங்க, எங்க வீட்டுக்காரர் ரிட்டயர் ஆகி இப்பதான் ஆசைஆசையாப் புல்லாங்குழல் கத்துக்கிறாரு, தினம் மூணே முக்காலுக்கு மாடியில உக்காந்தா நீங்க இப்படித் தட்டித் தட்டி மூணு ஸ்வரத்துக்கு மேல அவரைப் போகவே விடமாட்டேங்கறீங்களே."